போர்டில் எழுதிய கொலுசு

விஸ்வநத்தத்தில் பஸ் திரும்புகிற இடத்தில் நாகையாவின் டீக்கடை இருந்தது. டீ சுமார்தான், அதை நாகையாவே ஒத்துக்கொள்வார். ஆட்கள் வந்து நின்றது கடை வாசலில் சாத்தியிருந்த கரும்பலகைக்காக.

மல்லாங்கிணறு பள்ளிக்கூடத்தில் அஞ்சாம் வகுப்போடு நின்றவர் அவர். அப்பா மானாவாரி நிலத்தில் கூலி வேலை பார்த்தார். மழை பொய்த்துப் பொய்த்து ஒரு வருஷம் வயிறும் காய்ந்தபோது குடும்பத்தோடு தீப்பெட்டி வேலைக்கு இந்தப் பக்கம் வந்து சேர்ந்தார்கள். நாகையா பல வருஷம் குச்சி அடுக்கினார். கண் மங்கிய பிறகு டீக்கடை போட்டார். ஆரம்பத்தில் போர்டில் 'வடை சூடாக உள்ளது' என்று மட்டும்தான் எழுதுவார். ஒருநாள் வடைக்குக் கீழே நிறைய இடம் மிச்சம் கிடந்தது. பேப்பரில் வந்த ஒரு திருட்டுச் சேதியைத் தன் வார்த்தையில் எழுதி வைத்தார். அன்றைக்கு வடை சீக்கிரமே தீர்ந்துபோயிற்று.

பிறகு அது தினப்படி வேலையாகிவிட்டது. காலையில் குளித்து, நெற்றி நிறையத் திருநீறு பூசி, மாரியம்மன் படத்துக்கு ஊதுபத்தி காட்டிவிட்டுத்தான் சாக்பீஸைத் தொடுவார். மேலே பிள்ளையார் சுழி. அதற்குக் கீழே கொலை, களவு, வழிப்பறி.

சிவகாசியிலிருந்து மொபெட்டில் பன்னும் வர்க்கியும் கொண்டுவந்து கடைகளுக்குப் போடுகிற யாகூப்புக்கு அதைப் பார்த்தால் சிரிப்பு வரும்.

"என்னண்ணே, அருவாளால வெட்டுனதை எழுதப் போறீக. அதுக்கு எதுக்குப் பிள்ளையாரு?"

"வெட்டுப்பட்டவனுக்கும் சாமி உண்டுமில்ல பாய்?"

"வெட்டுனவனுக்கு?"

"அவனுக்குத்தான் ரொம்ப வேணும்."

பேப்பர்க்காரர்கள் 'மர்ம நபர்கள்' என்று போட்டு முடித்துக்கொள்வது நாகையாவுக்குப் பிடிக்காது. யார் செய்தது என்று தெரியாத குற்றம் இருக்கிறதே, அது அவரைத் தூங்கவிடாது. கதை என்றால் அதில் ஆள் இருக்க வேண்டும். ஆளைக் கண்டுபிடிக்க அவர் ஒரு வழி வைத்திருந்தார். சேதிக்குள்ளே பொருந்தாமல் உட்கார்ந்திருக்கிற சின்ன விஷயம் ஒன்றைத் தேடிப் பிடிப்பார். அதைப் பிடித்து இழுத்தால் முழுக் கதையும் பின்னால் வந்துவிடும் என்பது அவர் நம்பிக்கை.

கல்லாவில் உட்கார்ந்தே அவருக்கு அந்தப் பார்வை பழகியிருந்தது. உச்சி வெயிலில் வெறுந்தலையோடு போய், பொழுது சாய்ந்தபின் குடையை விரித்துக்கொண்டு வருகிற ஒரு பெரியவர். இரண்டு டீ சொல்லி, ஒன்றைக் குடித்துவிட்டு இன்னொன்றை ரோட்டோரம் ஊற்றிவிட்டுப் போகிற லாரி டிரைவர். கோயில் வாசலில் ஒற்றைச் செருப்பை விட்டுவிட்டுப் போகிற யாரோ. "மனுசன் காரணமில்லாம ஒண்ணுஞ் செய்யமாட்டான். நமக்குத் தெரியல, அம்புட்டுத்தான்" என்பார். தெரியாத அந்தக் காரணத்தை மனசுக்குள் இட்டு நிரப்பிப் பார்ப்பது அவருக்கு வெல்லக்கட்டி மாதிரி.

ஒருதரம் காரியாபட்டிப் பக்கம் ஆட்டுக்கிடை ஒன்றில் திருட்டு. பெரிய ஆடுகளை ஓட்டிப்போன திருடன், மிச்சமிருந்த குட்டிகளுக்கு முன்னால் அகத்திக்கீரை போட்டுவிட்டுப் போயிருந்தான். பேப்பரில் அது ஒரு ஓரத்து வரி. நாகையா அதைப் பிடித்துக்கொண்டார். 'குட்டி பசியில் கத்துமே என்று திருடனா கவலைப்படுவான்? வளர்த்த கைதான் கவலைப்படும்' என்று எழுதி, வீட்டு ஆள்தான் திருடியது என்று முடித்தார். கொஞ்ச நாளில் ஆட்டுக்காரரின் தம்பியே பிடிபட்டான். அன்றிலிருந்து, "நாகையா போர்டுல வந்திருச்சா?" என்று கேட்பது ஊரில் வழக்கமாகிவிட்டது. பேப்பரை நம்பாதவர்கள்கூட போர்டை நம்பினார்கள். இது அம்மன் தனக்குக் கொடுத்த வாக்கு என்று நாகையாவுக்கு உள்ளுக்குள் ஒரு நினைப்பு. வெளியே சொன்னதில்லை.

அந்த வருஷம் ஆடி மாதம். தீபாவளி ஆர்டர் நெருக்கிக்கொண்டிருந்த சமயம். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகலில், ஊருக்குத் தெற்கே ஒரு பட்டாசுக் கம்பெனியில் மருந்து ரூம் வெடித்தது. நாகையா கடையில் அடுக்கியிருந்த கிளாஸ்கள் தாமாகவே மோதிக்கொண்டன. ரோட்டில் நின்ற பெண்கள் அவரவர் வீட்டு ஆளின் பேரைச் சொல்லிக்கொண்டே தெற்கே ஓடினார்கள்.

மூன்று பேர் செத்துப்போனார்கள். ஊர்க்காவலன் என்ற பெரியவரின் மகன் அன்பரசன். வெளியூரிலிருந்து கம்பெனி வேனில் வருகிற ஒரு பெண். இன்னொருத்தி மாரிசெல்வி.

மாரிசெல்வி பிறந்ததும் மல்லாங்கிணறுதான். ஒரே ஊர் என்ற பாசத்தில் நாகையாவை 'அண்ணே' என்பாள். லாரியில் பண்டல் ஏற்றுகிற அவள் புருஷன் கோட்டைச்சாமி, அந்த முறையில் அவரை 'மச்சான்' என்பான். சினேகா என்று ஒரே மகள், மூன்றாவது படித்தாள். வேலை விட்டு வரும்போது மாரிசெல்வி போர்டுக்கு முன்னால் நின்று எழுத்துக் கூட்டி வாசிப்பாள். "அண்ணே, திருடனைக்கூட நீங்க நல்லவனாத்தான் எழுதுறீக" என்பாள்.

மறுநாள் காலையில் அந்தக் கம்பெனி போர்மேன் பலவேசம் கடைக்கு வந்தார். டீயைக் கையில் வாங்கினார், குடிக்க முடியவில்லை.

"எப்படித்தான் ஆச்சு பலவேசம்?"

"என்னத்தைச் சொல்லண்ணே. ஆடி வெள்ளின்னு அந்தப் பிள்ளை மாரிசெல்வி கோயிலுக்குப் போயிட்டு லேட்டா ஓடியாந்துச்சு. உள்ள போயிக் கொஞ்ச நேரந்தான்…" கிளாஸைக் கீழே வைத்தார். "இன்னைக்கு ஆர்டர் போட்டுட்டாக. கொலுசு, ஊக்கு, ஒண்ணும் மேல இருக்கக்கூடாதாம். இரும்பு, வெள்ளி எதுவானாலும் கேட்லயே கழட்டி வாங்கிரணுமாம். உரசிப் பொறி வந்துருமாம்."

இரண்டு சேதி. நாகையாவின் மனசில் இரண்டும் போய் ஒன்றாக ஒட்டிக்கொண்டன. லேட்டாக ஓடிவந்த பெண், கொலுசு. அவர் தேடுகிற அந்தச் சின்ன விஷயம் கைக்கு வந்துவிட்டது. கண்ணீர் வடிய வடிய எழுதினார். எழுதுகிறோம் என்றே அவருக்குத் தோன்றவில்லை, தங்கச்சிக்கு ஒப்பாரி வைக்கிறோம் என்றுதான் நினைத்தார்.

'அம்மனைப் பார்க்கப் போகிறவள் வெறுங்காலோடா போவாள்? கொலுசு போட்டுக்கொண்டு போனாள். விளக்குப் போட்டாள். மகளுக்காக வேண்டினாள். நேரமாகிவிட்டதே என்று ஓடினாள். ஓட்டத்தில் கழற்ற மறந்தாள். சாமி கும்பிட்டுவிட்டு வந்த கால் என்று மருந்துக்குத் தெரியுமா?'

அவர் எழுதியதிலேயே ஆக நல்லது அதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். யாகூப் வண்டியை ஸ்டாண்ட் போடாமலே பிடித்துக்கொண்டு நின்று படித்தார். அன்றைக்கு அவர் பிள்ளையாரைப் பற்றி எதுவும் கேட்கவில்லை. பெண்கள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் படித்தவர்கள் சொன்னார்கள்.

சொல்லச் சொல்ல அது வேறொன்றாயிற்று. முதல் நாள் சாயங்காலம், "பாவம், ஒரு கொலுசு மூணு உசிரக் கொண்டுபோயிருச்சே" என்றார்கள். மறுநாள், "கழட்டிட்டு வரக்கூடாதா அந்தப் பிள்ளை?" என்றார்கள். அதற்கும் பிறகு தண்ணிக் குழாயடியில் ஒருத்தி, "இவ ஒருத்தி மினுக்குறதுக்கு மத்த ரெண்டு பேரும் வெந்து செத்தாக" என்றாள். பக்கத்தில் நின்றவர்கள் குடத்தைத் தூக்கிக்கொண்டு தலையாட்டினார்கள். நாகையா வைத்த ஒப்பாரி, ஊர் வாயில் குற்றப்பத்திரிகையாகிவிட்டது. அவருக்கு அது கொஞ்சமும் தெரியாது.

கோட்டைச்சாமி வந்துதான் தெரிந்தது. மொட்டைத் தலையோடு வந்தவன் கடைக்குள் வராமல் போர்டுக்கு முன்னாலேயே நின்றான்.

"உள்ள வாங்க மாப்ளே."

"கொலுசு ஏது மச்சான் அவகிட்ட?" என்றான்.

நாகையாவுக்கு விளங்கவில்லை.

"இருந்ததே ஒரு சோடி. அவுக அம்மா போட்டது. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் மாரியம்மன் கோயிலுக்குப் போனோம்ல, சினேகாவுக்குக் கண்ணு தெளியணும்னு வேண்டிக்கிட்டுக் கழட்டி உண்டியல்ல போட்டுட்டா. நான் பக்கத்துலதான் நிக்கேன். 'ஆத்தா காலுல கெடக்கட்டும், எனக்கெதுக்கு'ன்னா. பெறகு அவ காலு வெறுங்காலுதான்."

நாகையா சாக்பீஸ் பிடித்த கையால் நெற்றியைத் துடைத்தார். திருநீறும் சுண்ணாம்புமாக அப்பிக்கொண்டது.

"எங்கிட்ட எடுத்துக் காட்ட ஒண்ணுமில்ல" என்றான் கோட்டைச்சாமி. "உண்டியல்ல போட்டதைத் திருப்பிக் கேக்க முடியுமா? பள்ளிக்கூடத்துல சினேகா பக்கத்துல ஒரு பிள்ளை உக்கார மாட்டேங்குது. உங்க ஆத்தாதான் அன்பரசனைக் கொன்னுச்சுன்னு சொல்லுதுகளாம். பதினாறாம் நாளைக்கு, செத்தவுகளுக்கெல்லாம் சேத்துக் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் அடிக்காக. அவ படத்தைப் போடமாட்டாகளாம். நான் வேற எதுவும் கேக்கல மச்சான். மத்தவுக மாதிரி அவளும் செத்தான்னு அந்தப் போஸ்டர்ல இருக்கட்டும். சினேகா நாளைக்குப் பாக்கணுமில்ல."

நாகையா அவனுக்கு முன்னாலேயே போர்டை ஈரத்துணியால் துடைத்தார். பிள்ளையார் சுழி போட்டு, 'மாரிசெல்வி காலில் கொலுசு இல்லை. முன்பு எழுதியது தவறு. இப்படிக்கு நாகையா' என்று எழுதினார்.

மறுநாள் டீ குடிக்க வந்த லோடுமேன் ஒருவன் சொன்னான்: "என்னண்ணே, இன்னைக்குக் கதை சின்னதாப் போச்சு?"

"கதை இல்லப்பா, நெசம்."

"அப்ப அன்னைக்கு எழுதுனது?"

"அது… நானா நெனைச்சு எழுதிட்டேன்."

"ஆடு திருடுனவனையும் நீங்களாத்தான் நெனைச்சு எழுதுனீக. அது சரியாத்தான இருந்துச்சு?" அவன் மற்றவர்களைப் பார்த்துக் கண்ணடித்தான். "கோட்டைச்சாமி வந்து அழுதிருப்பான், அண்ணனுக்கு எளகின மனசு."

பூ விற்கிற ஒரு பெண் கூடையை இறக்கிவைத்துவிட்டு வாசித்தாள். "மொத எழுதுனதுதாண்ணே மனசுல நிக்குது. அதுல கோயிலு வருது, வெளக்கு வருது, பிள்ளை வருது. இது என்ன, கரண்டு கட்டுன்னு ஒட்டுவாகளே, அந்த நோட்டீஸ் மாதிரி இருக்கு."

அவள் சொன்னது சரிதான். நாகையாவுக்கே தெரிந்தது. கொலுசு இருந்தது என்று சொல்ல எவ்வளவோ வார்த்தை இருந்தது. இல்லை என்று சொல்ல ஒரு வரிக்கு மேல் ஒன்றும் இல்லை. இல்லாததை எப்படி விவரிப்பது?

அன்று பிற்பகல் கடையைச் சாத்திவிட்டுப் பலவேசத்தைத் தேடிப் போனார். குடோன் பக்கம் வேப்பமரத்தடியில் பீடியைப் பற்றவைக்காமல் வெறுமனே வாயில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார் பலவேசம்.

"அந்தப் பிள்ளை கொலுசு போட்டிருந்துச்சுன்னு உங்களுக்கு யாரு சொன்னா?"

"எனக்கா? நான் எப்பண்ணே சொன்னேன்?" பலவேசம் பீடியை எடுத்தார். "இனிமே போடக்கூடாதுன்னு ஆர்டர் வந்ததைச் சொன்னேன். அவ காலை நான் பாக்கவே இல்ல. உங்க போர்டப் பாத்துத்தான் எனக்கே தெரியும்."

"பெறகு எப்படித்தான் வெடிச்சுது?"

பலவேசம் குடோன் வாசலைத் திரும்பிப் பார்த்தார். குரல் இறங்கியது. "சீசன் நெருக்குது. ரூம்ல இருக்க வேண்டியதுக்கு மேல மருந்து கெடந்துச்சு. புழுக்கம் வேற. யாரு கண்டா? உள்ள இருந்தவுக மூணு பேரு, அவுகதான் வந்து சொல்லணும். அண்ணே, இதைப் போர்டுல எழுதிராதீக. எனக்கும் பிள்ளை குட்டி இருக்கு." பிறகு, நல்ல சேதி சொல்லுகிறவர் மாதிரி, "கம்பெனியில உங்களப் பத்திப் பெருமையாப் பேசிக்கிட்டாக. விசாரிக்க வந்த ஆபீசர்கிட்ட, கொலுசுதான் காரணம்னு ஊரே சொல்லுதுய்யான்னு சொல்லிட்டாகளாம்" என்றார்.

நாகையா ரோட்டில் நடந்து வந்தார். பலவேசம் சொன்னது எதுவரை, தான் வைத்தது எங்கிருந்து என்று யோசித்து யோசித்துப் பார்த்தார். பிரித்தெடுக்க முடியவில்லை. அந்தக் கொலுசின் திருகாணி தளர்ந்திருந்தது என்றுகூட அவருக்குத் தெரியும். எப்படித் தெரியும்? யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமாக எத்தனை பேரை இப்படிப் பார்த்திருப்போம் என்று நினைத்தபோது ரோட்டோரம் ஒரு கல்லில் உட்கார்ந்துவிட்டார். மர்ம நபர், மர்ம நபர் என்று பேப்பர்க்காரர்களைக் கேலி செய்தோமே. தெரியாததைத் தெரியாது என்று விட்டவர்கள் அவர்கள்தானோ?

சாயங்காலம், போஸ்டர் வேலைக்கு முன்னால் நின்ற ஊர்க்காவலன் வீட்டுக்குப் போனார். வாசலில் போட்டிருந்த துக்கப் பந்தல் பிரிக்காமல் இருந்தது. பெரியவர் மகனுடைய சைக்கிளைத் துடைத்துக்கொண்டிருந்தார். அதை இனி யார் ஓட்டப் போகிறார்கள் என்று நாகையா கேட்கவில்லை.

"அண்ணே, போஸ்டர்ல அந்தப் பிள்ளை படத்தையும் போடணும். அவ மேல தப்பில்ல. நான் எழுதுனது பொய்யி."

"பொய்யின்னா?"

"நானா கட்டுனது. அவகிட்ட கொலுசே கெடையாது."

ஊர்க்காவலன் துடைப்பதை நிறுத்தாமல் கேட்டார்: "அப்ப எம் மகன் எதுனால செத்தான்?"

மருந்து கூடுதலாகக் கிடந்தது என்று நாகையா சொன்னால் பலவேசம் மாட்டுவார். சொல்லாவிட்டால் மாரிசெல்வி மேல் பழி. இரண்டு வீட்டிலும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அதுவும் உறுதியாகத் தெரிந்ததா? அன்றைக்குக் கொலுசு தெரிந்தது மாதிரிதானே இதுவும் தெரிகிறது?

"தெரியலண்ணே."

"தெரியலைன்னு சொல்லிட்டுப் போறதுக்கா வந்தே?" பெரியவர் நிமிர்ந்தார். கோபம் இல்லை, அந்த முகத்தில் எதுவுமே இல்லை. "நாகையா, பிள்ளையைத் துணியில மூட்டையாக் கட்டிக் குடுத்தாக. அன்னையிலருந்து ஏன், ஏன்னு மண்டைக்குள்ள ஒண்ணு கெடந்து கொடையுது. நீ எழுதுனதைப் படிச்ச அன்னைக்குத்தான் எங்க வீட்ல ஒரு வாய் கஞ்சி குடிச்சோம். ஒருத்தி செஞ்ச தப்பு, சரின்னு மனசு அடங்குச்சு. இப்ப அதையும் புடுங்கிட்டுப் போறேங்கே. வேற ஒரு ஆளைச் சொல்லு, இதை விட்டுர்றேன். சொல்ல ஆளில்லேன்னா எனக்கு அதுவே இருக்கட்டும்."

பதினாறாம் நாள் போஸ்டர் வந்தது. சிவகாசியில் அடித்த மல்டிகலர் போஸ்டர், நாலு மூலையிலும் ரோஜாப்பூ, நடுவில் இரண்டு முகம். நாகையா கடைக்கு எதிர்ச் சுவரில் பசை வழிய ஒட்டிவிட்டுப் போனார்கள். கோட்டைச்சாமி அந்தப் பக்கமாக வந்தவன் நின்று பார்த்தான். ஓரத்தில் கிழிந்திருந்த இடத்தைக் கையால் அழுத்திச் சரிசெய்துவிட்டுப் போனான்.

நாகையா ஒரு விடியற்காலையில் போர்டில், 'மருந்து ரூமில் சரக்கு கூடுதலாகக் கிடந்தது' என்று எழுதினார். பலவேசத்தின் சின்ன மகன் பால் பாத்திரத்தோடு வந்து, "மாமா, அரை லிட்டரு" என்றான். பால் ஊற்றிக் கொடுத்துவிட்டு, யாரும் வருவதற்குள் அவரே அழித்தார். மறுபடி, கொலுசு இல்லை என்ற அந்தப் பழைய வரியை எழுதினார். தினமும் அதையே எழுதினார். புதுக் கதை எதுவும் இல்லை என்றானதும் கூட்டம் குறைந்தது. பிறகு போர்டின் மேல் சைக்கிளைச் சாத்தினார்கள்.

அம்மன் படத்துக்கு முன்னால் நிற்கும்போது இப்போதெல்லாம் அவருக்கு வேண்டுதல் எதுவும் வரவில்லை. உண்டியலில் விழுந்தது அவளுக்குத் தெரியும். கோட்டைச்சாமியை விட்டால் சாட்சி அவள் ஒருத்திதான். அவள் வாய் திறக்கமாட்டாள்.

ஆவணி பிறந்து கொஞ்ச நாளில், கோட்டைச்சாமி ஒரு கையில் பையும் ஒரு கையில் சினேகாவுமாகக் கடைக்கு வந்தான். காரியாபட்டியில் அக்கா வீட்டோடு போய் இருக்கப் போகிறானாம், அங்கே பள்ளிக்கூடத்தில் யாருக்கும் எதுவும் தெரியாதாம். நாகையா பிள்ளைக்குப் பன் எடுத்துக் கொடுத்தார். அது வாங்கிக்கொண்டு பெஞ்சில் போய் உட்கார்ந்தது.

"மச்சான், ஒண்ணு கேக்கணும்" என்றான் கோட்டைச்சாமி, மகளுக்குக் கேட்காத குரலில். "அவகிட்ட இன்னொரு சோடி இருந்திருக்குமோ?"

"என்ன மாப்ளே சொல்றீக?"

"அன்னைக்கு வெள்ளென நான் லோடுக்குப் போயிட்டேன். அவ கெளம்புனதைப் பாக்கல. படுத்தா அதே யோசனைதான். ஆடி வெள்ளியாச்சேன்னு யாருகிட்டயாவது எரவல் வாங்கிப் போட்டிருக்கலாமில்ல? எங்கிட்டச் சொல்லாம இருந்திருக்கலாம். வாசப்படிய விட்டு அவ எறங்குற சத்தம் எனக்குக் கேக்குது மச்சான். கொலுசோடதான் கேக்குது."

நாகையா அவன் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டார். "அது நான் எழுதுனது மாப்ளே. ஆத்தா சத்தியமா நானாக் கட்டுனது. ஒருத்தரும் பாக்கல, ஒருத்தரும் சொல்லல. அவ வெறுங்காலோடதான் போனா. உண்டியல்ல போட்டதை நீங்கதான பாத்தீக? உங்க கண்ணால பாத்தீகள்ல?"

கோட்டைச்சாமி, அவர் மூச்சு வாங்கி நிறுத்துகிற வரைக்கும் கேட்டுக்கொண்டிருந்தான். அவன் பார்வை அவர் முகத்தில் இல்லை, வாயில் இருந்தது. முன்பு லோடு இறக்கிவிட்டு வந்து போர்டுக் கதையைச் சொல்லச் சொல்லிக் கேட்பானே, அப்போதும் இப்படித்தான் பார்ப்பான்.

"நல்லாத்தான் சொல்றீக மச்சான்" என்றான்.

பஸ் வந்து திரும்பியது. கையை விடுவித்துக்கொண்டு, பையை முதலில் ஏற்றி, பிறகு மகளைத் தூக்கி ஏற்றினான். உள்ளே நல்ல கூட்டம். ஜன்னலோரம் வேண்டுமென்று சினேகா அழுகிற குரல் சாத்தூர் ரோடு வரைக்கும் கேட்பது போல நாகையாவுக்கு இருந்தது.